மண் எங்கை எடுக்கிறான்?

கொழும்பிலே பிறந்து, ஒரு வயதிலே நாடு கடந்து, சுடுமண்ணால் உலகத்தின் பெரிய கலைக்கூடங்களை நிறைத்த ரமேஷ் மரியோ நித்தியேந்திரனின் தனிக் காட்சிகளைப் பற்றி

வெள்ளவத்தையிலே கடற்கரையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில், நாலாம் மாடியில், உப்புக் காற்றினால் துருவேறிய சன்னற் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கின்ற என் சின்னம்மாவின் வீட்டு மேசைமீது, சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கனத்த படப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தேன். கீழே ரயில் கடந்துபோய் அதன் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பினால் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் குனிந்து பார்த்தார். பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் உருவம் நின்றது. பிதுங்கிய விழிகள், ஈறு தெரியச் சிரிக்கின்ற வாய் நிறையப் பற்கள், தலைக்கு மேலே இன்னொரு தலை, தோளிலிருந்து வழிந்து பாதிவழியில் உறைந்துபோன மஞ்சளும் நீலமும் ரோசாநிறமுமான மெருகு.

“ஆர் தம்பி இது, பூதமே?”

“ஒரு சிற்பி செய்தது, சின்னம்மா. கொழும்பிலை பிறந்த பொடியன். இப்ப சிட்னியிலை.”

“பல்லைப் பார்! எங்கட ஊர் ஐயனார் கோயில் வாசல்லை நிக்கிறதுகூட இவ்வளவு கோவம் இல்லை.” சொல்லிக்கொண்டே அவர் விரலைப் படத்தின்மேல் வைத்து, அந்த உருவத்தின் மார்பிலே வரிசை வரிசையாய்ப் பதிந்து கிடந்த விரற்குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். தொட்டதும் குரல் மாறிவிட்டது. “இது மண்ணெல்லோ! சூளை வைச்ச மண். சிட்னியிலை மண் எங்கை எடுக்கிறான்?”

இந்தச் சிற்பியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விமரிசனங்கள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அடையாளத்தைப் பற்றியும், ஆண் பெண் பேதத்தைப் பற்றியும், குடிபெயர்ந்தோரின் மனநிலையைப் பற்றியும் அவை விரிவாகப் பேசுகின்றன. சின்னம்மா கேட்ட கேள்வியை அவற்றில் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மைக்கலாஞ்சலோவின் பெயருக்குக் கீழே

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம், புராதன ஐரோப்பியக் கோயில்களின் பாணியிலே தூண் நிறுத்தி மணற்கல்லால் எழுப்பப்பட்ட மாளிகை. அதன் வெளிச் சுவரிலே மைக்கலாஞ்சலோ, ரபாயேல் முதலான மகா கலைஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2020ஆம் ஆண்டில், அந்தப் பெயர்களைத் தலைக்குமேலே வைத்துக்கொண்டு முன் மண்டபத்துள் பிரவேசித்தவர்களை முதன்முதலில் எதிர்கொண்டவை, கிரேக்கத்துப் பளிங்குச் சிலைகளோ விக்டோரியா காலத்து எண்ணெய் ஓவியங்களோ அல்ல. சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் ஆக்கப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் ஒன்றையொன்று முறைத்தும் ஒரு திருவிழாக் கூட்டத்தைப் போலத் திரண்டு நின்ற எழுபது உருவங்களே. ‘அவதாரக் கோபுரங்கள்’ என்று அந்தக் காட்சிக்குப் பெயர். செய்தவர் கொழும்பிலே பிறந்த ஒரு தமிழ்ப் பெயர்க்காரர் என்பதை அறிந்தபோது, பெருமையைக் காட்டிலும் ஒருவிதத் துக்கமே எனக்கு முதலில் உண்டாயிற்று. ஏனென்று பின்னர் சொல்லுகிறேன்.

ரமேஷ் 1988ஆம் ஆண்டில் பிறந்தவர். 1983 ஆடிக் கலவரத்தின் கரி இன்னும் காலி வீதிச் சுவர்களிலிருந்து முற்றாக அழியாத காலம் அது. வடக்கிலே ஒரு யுத்தம், தெற்கிலே இன்னொரு கிளர்ச்சி. இரண்டுக்கும் நடுவிலே கொழும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1989இல் அவருடைய குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. இந்து சமயமும் கிறிஸ்தவமும் கலந்த குடும்பம். குழந்தைக்கு அப்போது ஒரு வயது. அந்த வயதிலே ஒருவர் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடிய ஞாபகம் எதுவும் இராது. வீட்டாரின் பேச்சும், சுவாமி அறையும், சாப்பாடும், புகைப்படங்களுமே தேசமாக இருந்திருக்கும்.

பெட்டிச் செய்தி: சிற்பியின் பாதை

ரமேஷ் முதலிலே பயின்றது ஓவியம்; மண்ணுக்கு வந்தது பிற்பாடுதான். வந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். 2015இல் ஷெப்பார்ட்டன் கலைக்கூடம் நடத்தும் சிட்னி மையர் நிதியத்தின் அவுஸ்திரேலிய மட்கலைப் பரிசு, 50,000 டொலர், அவருக்குக் கிடைத்தது. மறு வருஷம், 2016இல், கன்பராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்திலே ‘மண் மனிதர்’ என்ற தனிக் காட்சி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. 2018இல் டாக்கா கலை உச்சிமாநாட்டிலே பங்குபற்றினார். 2020இல் சிட்னியில் ‘அவதாரக் கோபுரங்கள்’. 2022இல் தேம்ஸ் அண்ட் ஹட்சன் பதிப்பகம் அவருடைய ஆக்கங்களை நூலாக்கியது. சின்னம்மாவின் மேசையில் இருந்தது அந்த நூலே. 2023இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, முன்னாளில் டிராம் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையாக இருந்து இந்நாளில் கலைக்கூடமாக விளங்கும் ‘டிராம்வே’யில் ‘மண்ணாலும் நீராலும் ஆன விக்கிரகங்கள்’.

கொட்டாஞ்சேனைக் கண்

சிட்னியிலும் கிளாஸ்கோவிலும் இந்த உருவங்கள் பார்ப்பவரைத் திடுக்கிட வைத்தன. கொட்டாஞ்சேனையிலே வளர்ந்தவனாகிய எனக்கு அந்தத் திடுக்கம் உண்டாகவில்லை. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தை ஒரு பக்கத்திலே பார்த்துக்கொண்டு, பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தின் மணியோசையை இன்னொரு பக்கத்திலே கேட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமைகளில் சைவ வீட்டுப் பெண்களும் மெழுகுதிரியுடன் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவதைக் கண்டு வளர்ந்தவனுக்கு, சிலுவையும் சூலமும் ஒரே கையிலே சேர்ந்திருப்பது அதிசயம் அன்று. அது எங்கள் தெருவின் சுபாவம். தந்தை பொன்னம்பல முதலியார் எழுப்பிய ஆலயத்தை மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு முதல் 1912 வரை கருங்கல்லிலே புதுப்பித்துக் கட்டுவித்தார். அந்தக் கருங்கல்லின் கம்பீரத்துக்கு முன்னால் நிற்கும் அதே மனிதன்தான், நாலு தெரு தள்ளி, பச்சையும் சிவப்புமாய் வர்ணம் பூசிய சுதைப் பூதங்களைப் பார்த்து, சிறுவயதிலே, தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தவனும்.

இந்த உருவங்களைத் தெய்வ நிந்தனை என்று சொல்லுவோரும் உளர். தாம் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று சிற்பியே வெளிப்படையாகக் கூறியிருப்பதும், மனித மயிரையும் பல்லையும் மணிகளையும் பொன்மெருகையும் அவர் கூச்சமின்றிக் கலப்பதும், ஆணும் பெண்ணும் என்று பிரிக்க இயலாத உடல்களை நிர்வாணமாக நிறுத்துவதும் அவர்கள் மனத்தை நோகச் செய்கின்றன. அந்த நோவை நான் இகழேன். ஆயினும், பாதி உடலைத் தேவிக்குக் கொடுத்த வடிவத்தைத் தினந்தோறும் வணங்குகிறவர்கள் நாம். குடலை மாலையாக அணிந்த நரசிங்கத்துக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள் நாம். கபாலம் ஏந்தியவனைப் பிள்ளைகளுக்குக் காவல் தெய்வமாக நியமித்தவர்கள் நாம். உக்கிரம் என்பது நம்முடைய சிற்ப சம்பிரதாயத்தில் குறை அன்று. அதற்கென ஒரு ஸ்தானம் உண்டு. ரமேஷ் அந்த ஸ்தானத்திலிருந்து கருவறையை நோக்கி நடக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். அவ்வளவே.

குறை சொல்ல வேண்டுமாயின் வேறொன்றைச் சொல்லுவேன். பொலன்னறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலைக்கு வந்த நடராஜ விக்கிரகத்தின் எதிரே அரைமணி நேரம் நின்றவர்கள் அறிவார்கள்: கையிலே நெருப்பு, காலடியிலே அசுரன், நாற்புறமும் சுழற்சி, முகத்திலே மட்டும் சலனமில்லாத அமைதி. தாள அளவுகளின் கட்டுப்பாட்டினாலேதான் அந்த அமைதி பிறந்தது. அளவுகளை முற்றாக உதறிவிட்ட ரமேஷின் உருவங்களிலே கூச்சலும் களிப்பும் அச்சமும் நிறைய உண்டு. அமைதி எனக்கு அகப்படவில்லை. ஒரு காட்சியிலே எழுபதும் சேர்ந்து கத்தும்போது எழுபத்தோராவதாக ஒன்றாவது மௌனமாயிராதா என்று மனம் தேடுகிறது. ஒருவேளை, ஒரு வயதிலே ஊரைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்ட தலைமுறையிடம் அமைதியை எதிர்பார்ப்பதே நியாயம் அன்றோ, என்னவோ.

பெட்டிச் செய்தி: மண் சிலையாகும் வழி

பெரிய உருவத்தைத் திண்ம மண்ணாகச் சமைத்தால் சூளையிலே வெடித்துச் சிதறும். ஆகையால் உள்ளே கூடாக விட்டு, மண் திரிகளை வளையம் வளையமாக அடுக்கி, விரலால் அழுத்தி இணைத்துக்கொண்டே மேலே எழுப்புவார்கள். கீழ்ப்பாகம் சற்று இறுகிய பின்னரே மேற்பாகத்தின் பாரத்தை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முழங்கால் மடிந்துவிடும். சூளைக்கு அடங்காதவற்றைத் துண்டு துண்டாகச் சுட்டுப் பின் பொருத்துவர். நிழலிலே வாரக்கணக்காக உலரவேண்டும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். நூறு பாகை செல்சியஸைத் தாண்டும்போது எஞ்சிய ஈரம் ஆவியாகிறது. ஏறக்குறைய 500 முதல் 600 பாகைக்குள் மண்ணின் அணுக்கூட்டிலே பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய களிமண் ஆகாது. சாதாரண சுடுமண் ஏறத்தாழ 1,000 பாகையிலும், கற்பாண்டம் 1,200 பாகைக்கு மேலும் வேகும். மெருகு என்பது உருகிய கண்ணாடியே. சூடு சிறிது கூடினாலும் அது வழிந்தோடிவிடும். நற்குயவர் அந்த வழிவைத் தவறு என்பர். ரமேஷ் அதையே அலங்காரமாக்கினார்.

சட்டியா, சிற்பமா?

மண்ணால் ஆனதைக் கைவினை என்றும் கல்லாலும் வெண்கலத்தாலும் ஆனதைக் கலை என்றும் பிரிக்கிற வழக்கம் எங்களுடையது அன்று. அது கப்பலேறி வந்தது. அதை முதலிலே எதிர்த்து எழுதியவர்களுள் தலையாயவர், 1877இல் இதே கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் தொழிலால் நிலவியல் விஞ்ஞானி. இலங்கையின் கனிவள ஆய்வுக்குத் தலைமை வகித்துக் கல்லையும் மண்ணையும் பரிசோதிக்க ஊரூராய்த் திரிந்த மனிதர், அந்த ஊர்களிலே கண்ட கைவினைஞரின் வாழ்விலே மனத்தைப் பறிகொடுத்து, 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். குயவனும் தச்சனும் நெசவாளியும் அந்த நூலிலே கலைஞராகவே மதிக்கப்பட்டிருக்கிறார்கள். அவரும் ஈற்றிலே இந்த மண்ணிலே தங்கவில்லை. 1917 முதல் பொஸ்டன் நூதனசாலையே அவருக்கு வீடாயிற்று. கறுவாத்தோட்டத்திலே அவர் பெயரைத் தாங்கிய வீதி இருக்கிறது. 1993 முதல் ‘கலா பொல’ என்னும் ஓவியச் சந்தை வருஷாவருஷம் கூடுவதும் அவ்வீதியிலேயே. நடைபாதையிலே விரித்து வைத்த ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுள் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டிருப்பார்கள்?

எனக்கு உண்டான துக்கத்தின் காரணம் இதுதான். யுத்தம் தின்ற உயிர்களை எண்ணுகிறோம், வீடுகளை எண்ணுகிறோம், காணிகளை எண்ணுகிறோம். கொண்டு போகப்பட்ட கைகளை எவரும் எண்ணுவதில்லை. ரமேஷ் ஒருவர் வெளியே தெரிந்தார். தெரியாமற் போனவர் எத்தனை பேர்? போகாமல் இங்கேயே இருந்து, மண்ணைத் தொடுவதற்குச் சந்தர்ப்பமே இல்லாமல் வங்கிக் கணக்குகளிலே அமிழ்ந்துவிட்டவர் எத்தனை பேர்? சித்திரம் படிக்கட்டுமா என்று கேட்கும் பிள்ளைக்கு வெள்ளவத்தை வீடுகளிலே கிடைக்கும் மறுமொழியை நான் அறிவேன். என் வீட்டிலும் அதே மறுமொழிதான் கிடைத்தது. “ஓய்வு நேரத்திலை கீறலாம், இப்ப கணக்கைச் செய்.”

மண்ணுக்குப் பஞ்சமில்லாத தீவு

மண் இல்லாத தேசமா இது? புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பிலே, ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை ஒத்த தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கடலின் இரு கரையிலும் இறந்தவரைச் சுடுமண்ணின் வயிற்றிலே வைத்து அனுப்பியிருக்கிறார்கள் நம் முன்னோர். கொழும்பின் எல்லையிலேயே, பொரலஸ்கமுவையிலே, வெண்களி கிடைக்கிறது. அந்த வெண்களியை நம்பி நீர்கொழும்பிலே அரசாங்கத்தின் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் எழுந்த ஆலைகளின் பீங்கான் கோப்பைகள் கடல்கடந்து அந்நிய தேசத்து மேசைகளை அலங்கரிக்கின்றன. கோப்பை செய்யத் தெரிந்த தீவு. ஆனால், மண்ணைக் கொண்டு ஒரு கனவைச் செய்யலாம் என்று இங்கே ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார் அரிது.

தைப்பொங்கலுக்கு முதல் வாரம் கொட்டாஞ்சேனைச் சந்தியிலே நின்று பாருங்கள். வைக்கோல் திணித்த லொறியிலிருந்து முட்டிகள் இறங்குகின்றன. வாங்க வருகிறவர் ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் மடக்கித் தட்டி, காதருகே வைத்துக் கேட்கிறார். கணீரென்றால் வீட்டுக்குப் போகும்; கம்மினால் வெடிப்பு என்று ஒதுக்கப்படும். அந்தக் காது எவ்வளவு நுட்பமானது! அதே காதுடையவர், அதே முட்டியைச் செய்தவனின் கை இன்னொன்றையும் செய்யக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு வருஷம் அலுமினியப் பானையின் குவியல் உயர, முட்டியின் குவியல் தாழ்கிறது. தயிர்ச்சட்டி ஒன்றுதான் இன்னும் விடாமல் மண்ணை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. அதையும் தயிர் முடிந்ததும் வீசிவிடுகிறோம்.

ஒரு சூளை என்ன செய்யும் என்பதற்குப் பாண்டிச்சேரி சாட்சி. 1971இல் அமெரிக்கரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டச் சாலையைத் தொடங்கினார்கள். மேசைப் பாத்திரம் செய்து விற்பதும் ஆர்வமுள்ளோருக்குக் கற்பிப்பதுமாக நடந்த அந்தச் சாலையிலிருந்து, இன்றைய இந்திய மட்கலையின் ஒரு தலைமுறையே வெளிவந்தது. அரசாங்க மானியத்தின் மகிமையும் அன்று, மாளிகையின் மகிமையும் அன்று. தொடர்ந்து எரிந்த நெருப்பின் மகிமை. அப்படி ஒன்று கொழும்பிலே, தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் நடந்து போகக்கூடிய தூரத்திலே, மாலை வேளையில் போய் மண்ணிலே கைவைக்கக்கூடிய விதமாக இருந்தால், ரியூட்டரி விளம்பரங்களால் மூடுண்ட வெள்ளவத்தைச் சுவர்களுக்கும் ஒரு மறுமொழி கிடைக்கும்.

பெட்டிச் செய்தி: கொழும்பில் எங்கே பார்ப்பது?

1943இல் தோன்றிய ‘43 குழு’வினரின் ஓவியங்களை பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்திலே, அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலேயே, காணலாம். லயனல் வென்ட் நிலையத்திலும், ஹோட்டன் பிளேஸில் ஜே.டி.ஏ. பெரேரா கூடத்திலும் காட்சிகள் நடைபெறும். கொள்ளுப்பிட்டியிலே பெயார்ஃபுட், கறுவாத்தோட்டத்திலே சஸ்கியா பெர்னாண்டோ ஆகியவை தனியார் கூடங்கள். 2019 டிசெம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் விளக்கங்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் தருகிறது. தமிழ் வாசகர் முதலிலே போகவேண்டிய இடம் அதுவே. அதன் முதற் காட்சி, ரமேஷ் பங்குபற்றிய அதே 2018 டாக்கா உச்சிமாநாட்டிலே பிறந்து கொழும்புக்கு வந்தது.

வந்தால் எங்கே வைப்பது?

பெட்டியிலே சொன்ன இடங்கள் எல்லாம் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் உள்ளேயே அடங்கிவிட்டதை வாசகர் கவனித்திருப்பார். 155ஆம் இலக்க பஸ்ஸிலே ஏறி இறங்குகிற தூரம்தான். ஆயினும், வேட்டியுடனோ பாடசாலைச் சீருடையுடனோ அந்த வாசல்களுக்குள் நுழைவதற்குத் தமிழ்ப் பகுதி மக்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வெள்ளவத்தையிலே எங்களுக்கென்று இருப்பவை மண்டபங்கள். 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கிறது. சொற்பொழிவுக்கும் நூல் வெளியீட்டுக்கும் அரங்கேற்றத்துக்கும் அவை என்றும் திறந்தே இருக்கின்றன. எங்கள் சமூகம் காதால் வாழ்ந்த சமூகம். கண்ணுக்கென்று ஓர் அறையை நாங்கள் இன்னும் ஒதுக்கவில்லை.

இவற்றையெல்லாம் அன்று பின்னேரம் சின்னம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவருடைய கேள்விக்கு மட்டுமே மறுமொழி சொன்னேன்: நகரத்துச் சிற்பிகள் மண்ணை எங்கும் போய் எடுப்பதில்லை, பதப்படுத்திய மண் கடையிலே பொதி பொதியாகக் கிடைக்கும், கோதுமை மாவைப் போல. அவருக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப அந்தப் பிள்ளைக்குத் தன்ரை ஊர் மண் தெரியாது,” என்றார். குற்றமாக அல்ல, பசியோடு வந்த ஒருவருக்குச் சோறு போடாமல் அனுப்பிவிட்டவரின் குரலில்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார். ஆளுயரத்தைத் தாண்டிய உருவங்கள் வந்த பக்கத்திலே கை நின்றது.

“இதெல்லாம் இஞ்சை கொண்டந்து வைச்சா நாங்களும் பாக்கலாமே.”

“எங்கை வைக்கிறது, சின்னம்மா?”

“ஏன், சங்கத்திலை வைக்கலாம்.”

“இவ்வளவு பெரிசு வாசலுக்குள்ளாலை போகுமோ தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“உள்ளுக்கு ஏன் கொண்டு போறாய்? காவல் நிக்கிறதுகள் வெளியிலைதானே நிக்க வேணும். றோட்டிலை வை.”